யாரும் இல்லாதவர்களுக்கு ஒரு கை

புரட்டாசி அமாவாசையன்று காலை ஏழு மணிக்கு, ஓய்வுபெற்ற சார்பதிவாளர் குற்றாலிங்கம் ஆஸ்திரியா நாட்டில் டான்யூப் ஆற்றின் கரையில் கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு தன் தகப்பனாருக்கும் பாட்டனாருக்கும் பூட்டனாருக்கும் எள்ளும் தண்ணீரும் விட்டார் என்பதிலும், அந்தச் சடங்கின் கடைசி ஒரு நிமிடத்தை விட்டுவிட்டார் என்பதிலும் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. அதற்குப் பிறகு நடந்ததிலும் கிடையாது, ஒருவரைத் தவிர. அந்த ஒருவரின் சொல் இனி எங்கும் எடுபடாது.

இந்த ஆறு ஜெர்மனியில் பிறந்து கருங்கடலில் போய் விழுவதற்குள் பத்து நாடுகளைத் தொடுகிறது. போகிற நாட்டில் எல்லாம் புதிதாக ஒரு பெயரை வாங்கி உடுத்திக்கொள்கிறது. ஜெர்மன்காரர்களுக்கு டோனாவ், ஹங்கேரிக்காரர்களுக்கு டூனா, செர்பியர்களுக்கு டூனாவ், ருமேனியர்களுக்கு டூனரே. தாமிரபரணி என்றும் பொருநை என்றும் இரண்டே பெயர்களோடு மனநிறைவாக ஓடும் ஆற்றங்கரையிலிருந்து போனவருக்கு இது கொஞ்சம் ஊதாரித்தனமாகப் பட்டது. இத்தனை பெயர் வைத்திருக்கிற ஆற்றில் முழுகிச் செத்தவர்களில் பலருக்கு ஒரு பெயர்கூட இல்லை என்பது அவருக்கு அப்போது தெரியாது. அது மத்தியானம் மூன்று மணிக்கு, பயண நிரலில் ஐந்தாவது இடமாக வரவிருந்தது.

பாளையங்கோட்டையிலிருந்து இருபத்து மூன்று பேர் அந்த ஆற்றில் போகும் சுற்றுலாக் கப்பலில் போயிருந்தார்கள். அழைத்துப்போனவன் பெனடிக்ட் என்கிற இளம் டூர் மேனேஜர்; நீளக் குடையின் நுனியில் சிவப்புக் கரை போட்ட ஈரிழைத் துண்டைக் கட்டி அதையே கொடியாகப் பிடித்துக்கொண்டு ஐரோப்பாவின் சதுக்கங்களில் நடப்பவன். குற்றாலிங்கம் முதலில் வர மறுத்தார். பயண நாட்களுக்கு நடுவே அமாவாசை வந்தது. முப்பது வருடத்தில் ஒரு புரட்டாசி அமாவாசைகூட அவர் தவறவிட்டதில்லை. மனைவி உலகம்மைதான் வழி கண்டுபிடித்தாள். தாமிரபரணியின் குறுக்குத்துறைப் படித்துறையில் வருடா வருடம் அவருக்குத் தர்ப்பணம் செய்துவைக்கும் கணபதி ஐயரிடம் போய்ச் சொல்லி, பதினான்கு நிமிடம் ஓடும்படி முழுவதையும் அவர் குரலிலேயே செல்போனில் பதிந்து வாங்கி வந்தாள். எள் மாத்திரை டப்பாவிலும், தர்ப்பையில் முடிந்த மோதிரமான பவித்திரம் மூக்குக்கண்ணாடிக் கூட்டிலும் கடல் கடந்தன. மந்திரம் எதையும் குற்றாலிங்கம் மனப்பாடம் செய்ததில்லை. ஐயர் சொல்வார், இவர் திருப்பிச் சொல்வார். முப்பது வருடமும் அப்படித்தான் போயிற்று.

கரையில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. உலகம்மை மேலே, குழு கூடும் இடத்துப் பெஞ்சில், ஐயர் குரல் எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். மூன்று தலைமுறைக்கும் விட்டாகிவிட்டது. பதின்மூன்றாவது நிமிடத்தில் ஐயரின் குரல், "தாய் இல்லாதவா, தகப்பன் இல்லாதவா, பேர் சொல்ல நாதி இல்லாதவா, அவாளுக்கெல்லாம் ஒரு கை விடுங்கோ" என்றது. டப்பாவில் பாதி எள் மிச்சமிருந்தது. அதைத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது என்று அவருக்கு ஒரு நினைப்பு. ஆகவே டப்பாவின் அடியைத் தட்டித் தட்டி, அவ்வளவையும் அந்த யாரும் இல்லாதவர்கள் பேருக்கே விட்டார். அந்த நொடியில் செல்போன் அடித்தது. ஐயரின் குரல் அறுந்தது. பெனடிக்ட். எல்லாரும் குடைக்குக் கீழே நிற்கிறார்கள், இவர் ஒருத்தருக்காகத்தான் காத்திருக்கிறார்கள், மடாலத்தில் கொடுத்த நேரத்தைத் தவறவிட்டால் வெளியிலிருந்துதான் பார்க்க வேண்டும் என்றான். குற்றாலிங்கம் பவித்திரத்தைக் கழற்றி ஆற்றில் போட்டுவிட்டுக் கரையேறினார்.

மிச்சமிருந்த அந்தப் பதினான்காவது நிமிடத்தில் இருந்தது ஒரே ஒரு காரியம். கூப்பிட்டு வந்தவர்களை அவரவர் இடத்துக்குத் திருப்பி அனுப்புவது.

பின்னால் யாரோ துணி பிழிகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தார். நாணலை விலக்கிக்கொண்டு ஒரு ஆள் கரையேறி நின்று, முழங்கால்வரை தொங்கும் கம்பளிக் கோட்டின் ஓரத்தைச் சேர்த்துப் பிழிந்துகொண்டிருந்தார். ஏறக்குறைய இவர் வயது, இவர் உயரம். முகம் நீரில் வெகுநாள் கிடந்த சோப்பைப் போல விளிம்பு தேய்ந்திருந்தது. அவர் இவரைப் பார்த்துச் சிரித்தார், விருந்துக்கு வந்தவர் சிரிப்பது போல. குற்றாலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூடியமட்டும் வேகமாக நடந்தார். பின்னால் ஈரக்கால் சத்தம் கூடவே வந்தது.

அந்த ஆளைக் குழு ஏற்றுக்கொண்ட விதம் இப்படி. பாத்திரக்கடை ஆவுடையப்பன், வாயைச் சும்மா வைத்திருக்கத் தெரியாதவர், ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, காலையிலயே ஆத்துக்குள்ள எறங்கிட்டியளா?" என்று கேட்டுத் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். உலகம்மை சளி பிடிக்கும் என்று சுக்கு மிட்டாய் கொடுத்தாள். அம்பாசமுத்திரத்துக்காரர் ஒருவருக்கு விசா கிடைக்காததால் வழிகாட்டியின் குரலைக் கேட்கும் காதுக்கருவி ஒன்று மிச்சமிருந்தது. பெனடிக்ட் அதை அந்த ஆளின் கழுத்தில் மாட்டினான். குற்றாலிங்கம் அவனைத் தனியே இழுத்து, இந்த ஆள் நம் ஆள் இல்லை, எங்கிருந்து வந்தார் என்றே தெரியாது என்று சொன்னார். "இருக்கட்டும் சார், ஒரு ஹெட்செட் சும்மாதான கெடக்கு" என்றான் அவன். ஆள் நின்ற இடத்தில் கருங்கல் தரையில் தண்ணீர் ஒரு சிறு குளமாகத் தேங்கி, வடிந்து, ஆற்றின் பக்கமாகவே ஓடியது. எல்லாரும் அதைத் தாண்டிக் கால் வைத்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

மடாலம் குன்றின் மேல் இருந்தது. மஞ்சள் வர்ணம் பூசிய பெரிய கட்டடம், மாடத்துக்கு மாடம் பொன்முலாம் பூசிய தேவதூதர்கள், நூலகத்தில் கூரைவரை தோல் அட்டைப் புத்தகங்கள். வழிகாட்டும் உள்ளூர்ப் பெண்ணின் குரல் எல்லார் காதிலும் கேட்டது. குற்றாலிங்கத்தின் காதில் மட்டும் தண்ணீர் சளசளத்தது. கருவியைத் தட்டிப் பார்த்தார். பிறகு இடது காலுறை நனைந்திருப்பதை உணர்ந்தார். காலையில் ஈரக் காலோடு ஷூ மாட்டியதால் இருக்கும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டார், காலைத் துடைத்துவிட்டு மாட்டியது நினைவிருந்தும். பளிங்குத் தரையில் அந்த ஆளின் பாதச் சுவடுகள் முதல் கூடத்தில் குளம்போல இருந்தன, இரண்டாம் கூடத்தில் வெறும் ஈரமாக இருந்தன, மூன்றாம் கூடத்தில் இல்லவே இல்லை. மூன்றாம் கூடத்தில் இருந்த ஈரச் சுவடு ஒன்றே ஒன்றுதான். அது ஒற்றை இடது காலின் சுவடு.

உலகம்மை படம் எடுக்க வேண்டும் என்றாள். குற்றாலிங்கம் அவளுக்கு வலப்பக்கம் நின்றார். அந்த ஆள் கேட்காமலே இடப்பக்கம் வந்து நின்றார். பெனடிக்ட் எடுத்துக் காட்டினான். படத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். குற்றாலிங்கம் நின்ற இடத்தில் பளிங்கில் ஒரு ஈரத் திட்டு மட்டும் இருந்தது. உலகம்மை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். "நல்லா விழுந்திருக்கு. கண்ணைத்தான் மூடிட்டிய அத்தான்" என்று, தலையை இடப்பக்கமாகத் திருப்பிச் சொன்னாள்.

குற்றாலிங்கம் முப்பத்தொரு வருடம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவர். அங்கே ஒரு மனிதன், நான்தான் இன்னார் என்று மார்பில் அடித்துக்கொண்டு சொன்னாலும் செல்லாது. இவர் இன்னார்தான் என்று வேறு இருவர் கையெழுத்துப் போட வேண்டும். கடன்காரர்கள், விதவைகள், காசிக்குப் போய்த் திரும்பி வந்தவர்கள் எல்லாரும் அவர் மேசைக்கு முன்னால் நின்று, தங்களைத் தங்களென்று சொல்ல இரண்டு பேரைத் தேடி வெளியே ஓடியிருக்கிறார்கள். அவர் அதில் இரக்கம் காட்டியதில்லை. இரண்டு சாட்சி இல்லாத மனிதன் சட்டப்படி ஆற்றில் மிதக்கும் கட்டைதான் என்று இளநிலை உதவியாளர்களுக்குப் பாடம் எடுத்ததும் உண்டு. அன்று மடாலத்துப் படிகளில் இறங்கும்போது அந்த உவமை அவருக்கு நினைவு வந்தது. கால் சில்லிட்டது.

மத்தியானச் சாப்பாடு ஒரு ஆப்ரிகாட் ஜாம் கடையின் தோட்டத்தில். கடைக்காரர் சிறு கரண்டிகளில் ஆறு வகை ஜாமை ருசி பார்க்கக் கொடுத்தார். எல்லாரும் மரியாதைக்கு ஒவ்வொரு கரண்டி நக்கிவிட்டு, மரத்தடியில் உட்கார்ந்து கப்பல் சமையலறையில் அதிகாலையிலேயே கட்டி எடுத்த புளியோதரைப் பொட்டலங்களைப் பிரித்தார்கள். அந்த ஆள் எப்போது தமிழ் பேச ஆரம்பித்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. கடைக்குள் நுழையும்போது அவருக்குத் தமிழ் இல்லை. வெளியே வரும்போது இருந்தது, அதுவும் திருநெல்வேலித் தமிழ். ஆவுடையப்பன் தன் தம்பியோடு இருக்கும் பாகப்பிரிவினைத் தகராறைப் பற்றிக் கேட்க, அவர் வத்தலைக் கடித்துக்கொண்டே பதிவுச் சட்டத்தின் பதினேழாம் பிரிவில் ஆரம்பித்து நிதானமாக, அழகாக விளக்கினார். ஆவுடையப்பன் அசந்துபோய், இத்தனை நாளாகக் கேட்கும்போதெல்லாம் சுள்ளென்று விழுவியளே, இன்றைக்கு என்ன வந்தது என்று கேட்டார். அவர் சிரித்தார். அவர் கோட்டு காய்ந்து, நிறம் மாறி, குற்றாலிங்கத்தின் சாம்பல் நிற ஸ்வெட்டரைப் போல ஆகியிருந்தது.

குற்றாலிங்கம் பதினேழாம் பிரிவு என்ன சொல்கிறது என்று நினைத்துப் பார்த்தார். அது இருந்த இடம் வெறுமையாக இருந்தது. பதினெட்டாம் பிரிவைத் தேடினார். அதுவும் இல்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இரண்டு ஷூவிலும் தண்ணீர் சளக்கென்றது. தனக்கென்று வைத்த பொட்டலம் எங்கே என்று கேட்கலாமா என்று பார்த்தார்; அதைத்தான் அந்த ஆள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாரோ ஒருவர் உட்காரத் தன்னை இடித்துக்கொண்டு போனதையும், இடித்தவர் திரும்பி, காற்றைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, தன் சட்டைக் கையில் பட்ட ஈரத்தைத் துடைத்துக்கொண்டதையும் கண்டார். அவருக்கு உரக்கக் கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் கத்தி, அப்போதும் யாரும் திரும்பவில்லையென்றால் என்ன செய்வது என்ற பயத்தில் கத்தாமல் இருந்தார்.

மூன்று மணிக்கு ஐந்தாவது இடம். ஆறு வளைகிற மூலையில், வில்லோ மரங்களுக்குக் கீழே ஒரு சிறு கல்லறைத் தோட்டம். நாற்பது இரும்புச் சிலுவைகள் இருக்கும். எல்லாவற்றிலும் ஒரே சொல்தான் எழுதியிருந்தது. பெயர் தெரியாதவர் என்று அர்த்தம் என்றாள் வழிகாட்டிப் பெண். மேலே எங்கெங்கோ ஆற்றில் விழுந்தவர்கள், குதித்தவர்கள், தள்ளப்பட்டவர்கள் எல்லாரையும் தண்ணீர் இந்த வளைவில் கொண்டுவந்து ஒதுக்கும். ஊர்க்காரர்கள் எடுத்துப் புதைத்தார்கள். தேடிக்கொண்டு ஒருவரும் வந்ததில்லை. உலகம்மை உச்சுக்கொட்டினாள். ஆவுடையப்பன், "சவத்த விடுங்க தம்பி, வாங்க, காப்பிக் கடை எங்கயாவது இருக்கான்னு பாப்போம்" என்று பெனடிக்டை இழுத்துக்கொண்டு போனார். மற்றவர்களும் போனார்கள்.

ஒரு சிலுவை மட்டும் சாய்ந்திருந்தது, யாரோ அதைப் பிடித்து ஊன்றி எழுந்ததுபோல. அதன் கீழே மண் வாய் பிளந்து ஈரமாகக் கிடந்தது. அந்த ஆள் அதன் பக்கத்தில் கைகட்டி நின்றார்.

"நூத்திநாப்பது வருசம் அண்ணாச்சி. எனக்குன்னு ஒரு கை குடுத்தது நீங்க ஒருத்தர்தான். அதுவும் டப்பாவத் தட்டித் தட்டிக் குடுத்திய."

குற்றாலிங்கம் கைகூப்பினார். போங்கள், தயவுசெய்து போய்விடுங்கள் என்றார்.

"காலையிலயே சொல்லிருக்கலாம்லா? நீங்க போகச் சொல்லலையே. இருக்கச் சொல்லுதியளோன்னு நெனச்சிட்டேன்" என்றார் அந்த ஆள். அதில் கேலி இல்லை. உண்மையான வருத்தம் இருந்தது, மரியாதை இருந்தது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

குற்றாலிங்கம் சட்டைப்பைக்குள் கைவிட்டுச் செல்போனை எடுத்தார். அது வாய்க்காலைப் போல ஒழுகியது. அந்தக் கடைசி மந்திரத்தை நினைவுபடுத்திப் பார்த்தார். முப்பது வருடம் திருப்பிச் சொன்னதில் ஒரு சொல்கூட உள்ளே தங்கவில்லை. பெயராவது சொல்லி ஆரம்பிப்போம் என்று தகப்பனார் பெயரைத் தேடினார். அது இல்லை. தன் பெயரைத் தேடினார். அதன் முதல் எழுத்து மட்டும் நாக்கில் வந்து, அதுவும் கரைந்தது. உலகம்மையைத் தவிர ஒரே ஒரு நினைப்புதான் அவரிடம் மிச்சமிருந்தது: ஆறு மணிக்குக் கப்பல் கிளம்பும், அதற்குள் ஏறிவிட வேண்டும், அதற்கு இரண்டு சாட்சி வேண்டும்.

கப்பல் நின்ற துறைக்கு ஓடினார். ஓடிய வழியெல்லாம் தண்ணீர் கொட்டியது. ஏறுபலகையின் தலைப்பில் வெள்ளைச் சட்டை போட்ட கப்பல் பெண் ஒவ்வொருவர் அட்டையையும் இயந்திரத்தில் வைத்து, அது கீச்சென்றதும் உள்ளே விட்டுக்கொண்டிருந்தாள். இவரது அட்டை கையில் கூழாகப் பிசுபிசுத்தது. அவள் இவரைக் கூர்ந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற பெனடிக்டிடமும் ஆவுடையப்பனிடமும், இவர் உங்களைச் சேர்ந்தவரா என்று கேட்டாள்.

இரண்டு பேர். சட்டம் கேட்பதும் இரண்டு பேரைத்தான். அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆவுடையப்பன் அவசரப்படவில்லை. கண்ணைச் சுருக்கி, நெருங்கி வந்து, நன்றாக, நேர்மையாகப் பார்த்தார்.

"இல்லம்மா. பாவம், இந்த ஊர்க்காரர் போலுக்கு."

பெனடிக்டும் இல்லையென்று தலையசைத்தான்.

இனி இந்தக் கதையும் அவரைக் குற்றாலிங்கம் என்று எழுதுவது முறையாகாது. இரண்டு சாட்சிகள் சொல்லிவிட்டார்கள். கதை சொல்பவருக்கும் சட்டம் ஒன்றுதான். கரையில் நின்ற அந்த ஈர ஆள், ஏறுபலகைக்கு வந்த உலகம்மையின் முன்னால் போய் நின்றார். அவள் இடது குதிகாலில் சைக்கிள் சக்கரம் கிழித்த தழும்பைப் பற்றிச் சொன்னார். அவள் ரசத்தில் பெருங்காயத்தை மறந்துபோய் இரண்டு தடவை போடுவதையும், அதைத் தான் ஒருநாளும் காட்டிக்கொடுக்காததையும், அது பிடித்துப்போனதையும் சொன்னார். இத்தனை வருடத்தில் சொல்லாததை எல்லாம் சொன்னார். வாயிலிருந்து வந்ததோ, கூழாங்கல் மேல் தண்ணீர் உருளும் சத்தம்தான். உலகம்மை கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு, இந்தப் பயணத்தில் நன்றி சொல்லக் கற்றுக்கொண்ட ஒரே ஜெர்மன் சொல்லை, "டாங்கே, டாங்கே" என்று சொல்லி, பையிலிருந்து மீந்துபோன புளியோதரைப் பொட்டலம் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"குளிர்ல நடுங்குதாரு அத்தான், பாவம். எங்கயோ பாத்த சாடையா இருக்கு" என்றாள், பின்னால் வந்த குற்றாலிங்கத்திடம்.

குற்றாலிங்கம் அவள் தோளைத் தொட்டு உள்ளே அழைத்துப்போனார். அவர் அட்டை கீச்சென்றது. பலகையை இழுத்தார்கள். கயிற்றை அவிழ்க்கிற நேரத்தில் உலகம்மை கம்பியைப் பிடித்துக்கொண்டு, நெற்றியைச் சுருக்கினாள்.

"அத்தான், காலையில அந்தக் கடைசி மந்திரம் எங்காதுல விழலையே. வந்தவங்கள அனுப்பி வைப்பாருல்லா ஐயரு? வருசா வருசம் படித்துறையில ஒக்காந்து கேக்கேன். அதச் சொன்னப்பறந்தான நான் எந்திரிப்பேன். இன்னைக்கு எந்திரிச்ச ஞாபகமே இல்லை."

கரையில் நின்றவருக்கு உயிர் வந்தது. ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார். பொட்டலத்தைத் தூக்கி வீசி ஆட்டினார். அந்த ஒரு நிமிடம் ஓடினால் போதும். வந்தவன் வந்த இடத்துக்குப் போவான், தான் மேலே போய்விடலாம். ஆற்றின் மேல் மஞ்சள் வெயில் இன்னும் மிச்சம் இருந்தது.

"சூரியன் இருக்கும்போதே பண்ணிருங்க அத்தான். பாதியில விட்டா நல்லதில்ல."

குற்றாலிங்கம் செல்போனை எடுத்தார். காய்ந்து, பளபளவென்று இருந்தது. தென்திசை பார்த்து நின்றுகொண்டார். பதினான்காவது நிமிடம் ஓடியது. விரியும் தண்ணீருக்கு மேலாகக் கணபதி ஐயரின் குரல், சளி கட்டிய, பழகிய, குறுக்குத்துறைப் படிக்கட்டின் குரல், தெளிவாகக் கரைவரை வந்தது. "பேரோட வந்தவா, பேர் இல்லாம வந்தவா, எல்லாரும் அவாஅவா இடத்துக்குச் சுகமாப் போய்ச் சேரட்டும். சொல்லுங்கோ." குற்றாலிங்கம் சொன்னார். ஒரு எழுத்து பிசகாமல், முப்பது வருடத்தில் ஒருநாளும் சொல்லாத சுத்தத்தோடு சொன்னார்.

கரையில் நின்றவரின் முழங்கால்கள் அவரைக் கேட்காமல் திரும்பின. கப்பலைப் பார்த்தபடி நிற்க எவ்வளவோ முயன்றார். கழுத்து ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகக் கொஞ்ச தூரம் போனார், பிறகு கழுத்தும் திரும்பிக்கொண்டது. வில்லோ மரங்களுக்குக் கீழே சாய்ந்த சிலுவையின் பக்கத்தில் மண் திறந்தே இருந்தது. உள்ளே இருந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். நீ யார், எங்கிருந்து வருகிறாய் என்று அங்கேயும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

குற்றாலிங்கம் பாளையங்கோட்டையில் நலமாக இருக்கிறார். ரசத்தில் பெருங்காயம் கூடிவிட்டதென்று ஒருநாள் சொல்லிவிட்டதில் உலகம்மைக்கு ஒரு வாரம் வருத்தம். மற்றபடி அவரைப் பற்றி நல்ல பேச்சுதான். ஆவுடையப்பனின் பாகப்பிரிவினை முடிந்துவிட்டது.

ஆற்று வளைவில் இருப்பவர் முதலில் நாட்களை எண்ணினார், பிறகு எண்களை மறந்தார். புளியோதரைப் பொட்டலம் மட்டும் கையில் இருக்கிறது, பிரிக்கவில்லை. மேலே கப்பல்கள் போகும் அதிர்வு மண்ணில் தெரியும். அவற்றில் ஏதாவது ஒன்றில், என்றாவது ஓர் அமாவாசையில், மாத்திரை டப்பாவில் எள்ளோடு ஓர் அவசரக்காரர் வருவார், கரையில் யாராவது அவரைக் கூப்பிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். தண்ணீரில் எள் விழும் வாசனை வந்ததும் சிலுவையைப் பிடித்து எழ வேண்டும். கோட்டின் ஓரத்தைப் பிழிந்துவிட்டு, விருந்துக்கு வந்தவரைப் போலச் சிரித்த முகத்தோடு போய் நிற்க வேண்டும். இருட்டில் படுத்தபடி அந்தச் சிரிப்பை அவர் பழகிக்கொண்டிருக்கிறார். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.